வயசான கொழுப்பு செல்லும் சர்க்கரையும்: லேபில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு மெடிக்கல் லேபில் ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. சித்தூர், வேலந்தாவளம், அப்புறம் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சிப் பக்கம் இருந்தும் ஆட்கள் வருவார்கள். டெஸ்ட் இங்கே, டாக்டர் கோயம்புத்தூரில், மாத்திரை பொள்ளாச்சியில் என்று அலைகிறவர்கள் அதிகம், அதனால் சந்தேகம் கேட்க ஆள் கிடைக்காமல் ஊசி குத்தும் அந்த இரண்டு நிமிடத்தில் என்னிடம் கேட்டுவிடுவார்கள். "வயசான கொழுப்பு செல்தான் சர்க்கரைக்குக் காரணமாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்ற ஆரம்பித்ததிலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை அவரவர் கேட்டபடியே எழுதி, பதிலையும் நிதானமாக எழுதியிருக்கிறேன். இங்கே சர்க்கரை என்று சொல்வதெல்லாம் வகை 2 சர்க்கரை நோயைத்தான். சின்னப் பிள்ளைகளுக்குத் திடீரென்று வந்து முதல் நாளிலிருந்தே இன்சுலின் போட வேண்டியிருக்கும் வகை 1-க்கு இந்தக் கதை பொருந்தாது.

"கொழுப்புன்னா உடம்புல சும்மா தொங்குற சதை தானே அம்மிணி, அதுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?"

சும்மா தொங்கவில்லை, நிறைய வேலை செய்கிறது. சாப்பாட்டில் மிஞ்சியதைப் பத்திரமாக அடைத்து வைப்பதும் வேண்டும்போது வெளியே விடுவதும் கொழுப்பு செல்களின் வேலை. அதோடு அவை ஹார்மோன்களையும் சுரக்கின்றன. 1994-ல் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள், "போதும், வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது அது, சுரப்பது கொழுப்பு செல். அடிப்போனெக்டின் என்று இன்னொன்று இருக்கிறது, அது, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் செல்களுக்குள் சேர்க்கும் இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும். தொப்பை கூடக் கூட இந்த அடிப்போனெக்டின் குறையும்.

ஆக, கொழுப்புத் திசுவையும் கல்லீரல், கணையம் மாதிரி ஒரு உறுப்பாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் கெட்டால் உடம்பு கெடும் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம், கொழுப்பு கெட்டாலும் அப்படித்தான்.

"செல்லுக்குக் கூட வயசாகுமா?"

ஆகும். 1961-ல் ஹேஃப்லிக், மூர்ஹெட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், மனித செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தால் அவை முடிவில்லாமல் பெருகுவதில்லை, குறிப்பிட்ட முறைகள் பிரிந்த பிறகு நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். அப்படி நின்ற செல் செத்துவிடவில்லை, உயிரோடு இருக்கும், ஆனால் இனிமேல் பிரியாது. இதைத்தான் செல் முதுமை என்கிறோம்.

பலமுறை பிரிந்து தீர்ந்துபோவது மட்டும்தான் காரணம் என்றில்லை. டிஎன்ஏ-வில் அடிபட்டாலும், சத்து அளவுக்கு மிஞ்சி வந்து திணறினாலும் செல் இந்த நிலைக்குப் போய்விடும். அப்போது உள்ளே பி53, பி21, பி16 என்ற புரதங்கள் பிரேக் போட்டு நிறுத்திவிடுகின்றன. இது உடம்பின் நல்லதுக்குத்தான், அடிபட்ட செல் கண்டபடி பெருகினால் புற்றுநோயாக மாறலாம் அல்லவா. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்வியில் திரும்ப வருகிறது.

"வயசானா செத்துத் தொலைய வேண்டியதுதானே, எதுக்கு உக்காந்துக்கிட்டு இருக்கு?"

முதுமை அடைந்த செல்லுக்குச் சாவைத் தள்ளிப்போடும் தந்திரங்கள் உண்டு. வழக்கமாக நம் நோய் எதிர்ப்பு செல்கள் வந்து அதைத் துடைத்துவிடும், ஆனால் நமக்கு வயது ஏற ஏறவும், கொழுப்பு பெருகப் பெருகவும் அந்தத் துடைப்பு வேலை பின்தங்கிப் போகிறது. அதனால் தேங்குகின்றன.

தேங்கினால் என்ன, ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றால், அவை சும்மா இருப்பதில்லை. இன்டர்லூக்கின் 6, டிஎன்எஃப் ஆல்ஃபா மாதிரி அழற்சியை, அதாவது திசுவுக்குள் வீக்கத்தையும் எரிச்சலையும், தூண்டும் பொருள்களைச் சுற்றிலும் கசியவிடுகின்றன. முதலமடைக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: கூடையில் ஒரு மாம்பழம் அதிகமாகப் பழுத்துவிட்டால் அது விடும் வாயுவே பக்கத்துக் காய்களையும் பழுக்க வைக்கும். அதே போல முதுமை அடைந்த ஒரு செல் பக்கத்துச் செல்களையும் முதுமைக்குத் தள்ளுகிறது. எண்ணிக்கை கொஞ்சமாக இருந்தாலும் கெடுதல் பெரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

"சரி, அது எப்படி ரத்தத்துல சர்க்கரையை ஏத்துது? புரியற மாதிரி சொல்லுக்கா."

கொஞ்சம் நீளமான பதில், பொறுமையாகப் படியுங்கள், மற்ற பதில்கள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. கொழுப்புத் திசுவில் முழுதாக வளர்ந்த கொழுப்பு செல்களோடு, இனிமேல் கொழுப்பு செல் ஆகக் காத்திருக்கும் இளம் செல்களும் இருக்கின்றன. வளர்ந்தவர்களின் உடம்பில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் கொழுப்பு செல்கள் செத்து, அந்த இடத்துக்குப் புதியவை வருகின்றன. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன் 14 நம் செல்களிலும் ஏறியிருக்கிறது, அதை அளந்து ஒவ்வொரு செல்லும் எப்போது பிறந்தது என்று ஸ்வீடனில் கணக்குப் போட்டார்கள், 2008-ல் வந்த ஆய்வு அது. அப்படிப்பட்ட குண்டிலிருந்து இப்படி ஒரு பயன் கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்த இளம் செல்கள் முதுமை அடைந்துவிட்டன என்று வையுங்கள். புதுக் கொழுப்பு செல்கள் சரியாகப் பிறக்காது. ஆனால் சாப்பாடு குறையவில்லை, மிஞ்சியது வந்துகொண்டே இருக்கிறது. அப்போது இருக்கிற செல்களே அதையெல்லாம் வாங்கிக்கொண்டு வீங்கும். வீங்கிய செல்லுக்குப் பிராணவாயு போதுமான அளவு போய்ச் சேராது, திணறும், சில சாகும், அதைச் சுத்தம் செய்ய மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேரும். முதுமை செல்கள் கசியவிடும் பொருள்களும் அவற்றை அழைக்கின்றன. அவை வந்து இன்னும் டிஎன்எஃப் ஆல்ஃபாவைக் கக்குகின்றன. பருத்த எலிகளின் கொழுப்பில் இந்தப் பொருள் அதிகமாகச் சுரப்பதையும், அதைத் தடுத்தால் இன்சுலின் மறுபடி வேலை செய்வதையும் 1993-லேயே அமெரிக்காவில் காட்டிவிட்டார்கள்.

அழற்சி வந்த கொழுப்பு செல் இன்சுலின் பேச்சைக் கேட்காது. இன்சுலின் வழக்கமாக "கொழுப்பை உள்ளேயே வை" என்று கட்டளை போடும், அது காதில் விழாததால் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் ஒழுகிக் கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் போய்ப் படிகின்றன. கொழுப்பு ஏறிய கல்லீரல் ராத்திரியெல்லாம் சர்க்கரையை உண்டாக்கி வெளியே விடும், வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 130, 140 என்று வருவது இப்படித்தான். தசை சர்க்கரையை உள்ளே எடுக்கத் தயங்கும். இரண்டையும் சமாளிக்கக் கணையம் இன்சுலினைக் கூட்டிக் கூட்டிச் சுரக்கும், பல வருடம் தாங்கும், ஒரு கட்டத்தில் முடியாமல் போகும். அன்றைக்குத்தான் ரிப்போர்ட்டில் சர்க்கரை என்று வருகிறது, ஆனால் கதை அதற்கு எத்தனையோ வருடம் முன்பே கொழுப்புத் திசுவில் தொடங்கியிருக்கும்.

"அப்ப எல்லாத்துக்கும் காரணம் இந்த வயசான செல்தானா?"

இல்லை. பரம்பரை, கணையத்தின் சொந்தப் பலம், தூக்கம், அசையாத வேலை, சில மருந்துகள் எல்லாம் சேர்ந்து வருவதுதான் வகை 2. முதுமை அடைந்த செல்கள் அதில் ஒரு முக்கியமான கண்ணி. வாட்ஸ்அப் செய்தி ஒரே காரணம் மாதிரிச் சொல்வது தப்பு.

"அக்கா, எனக்கு 34 வயசுதான் ஆகுது. எனக்குப் போய் வயசான செல்லா?"

ஆதார் கார்டில் இருக்கும் வயதும் செல்லின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அதிகமாகத் தின்று பருத்த எலிகளின் கொழுப்பில் முதுமை அடையாளங்கள் சீக்கிரமே வந்துவிட்டதைக் காட்டினார்கள். அந்தக் கொழுப்புத் திசுவில் பி53-ஐ அடக்கியபோது அழற்சி குறைந்தது, இன்சுலினும் மேலாக வேலை செய்தது. கிழட்டு எலிகள் இல்லை அவை, கொழுத்த எலிகள்.

2021-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வு மனிதக் கொழுப்பு செல்களைப் பார்த்தது. ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் அதிகமாக இருப்பதே முழு வளர்ச்சி அடைந்த கொழுப்பு செல்லை முதுமைப் பாதைக்குத் தள்ளுகிறது என்று அதில் தெரிந்தது. இது ஒரு சுற்று: கொழுப்பு கெட்டால் கணையம் இன்சுலினைக் கூட்டுகிறது, கூடிய இன்சுலின் கொழுப்பு செல்லை இன்னும் கிழடாக்குகிறது. காலையில் பரோட்டா, பதினொரு மணிக்குச் சாயாவும் பழம்பொரியும், நாலு மணிக்கு மறுபடி சாயாவும் பேக்கரிக் கடியும், ராத்திரி பத்து மணிக்கு மேல் வயிறு முட்டச் சோறு என்று இருந்தால் இன்சுலின் எப்போது இறங்கும்? 34 வயது என்பது கவலைப்படாமல் இருக்க ஒரு காரணமே இல்லை, மாறாக, சரிசெய்ய நல்ல சமயம்.

"நான் ஒல்லிக்குச்சி மாதிரி இருக்கேன். குண்டா இருக்கிறவங்களுக்கு இல்லாத சர்க்கரை எனக்கு எப்படி வந்துச்சு?"

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், கேட்பவர்கள் உண்மையில் நொந்துபோய்க் கேட்பார்கள். 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது, ஒருவர் இங்கிலாந்தின் ஜான் யுட்கின், இன்னொருவர் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடை என்று பார்க்கும் பிஎம்ஐ சரிசமமாக 22.3. ஆனால் உடம்பிலிருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷினில் இரண்டு பேரும் ஒன்று, உள்ளே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

நம் ஆட்களுக்குத் தசை குறைவு, தோலுக்கடியில் கொழுப்பைப் பத்திரமாக வைக்கும் இடமும் குறைவு, அதனால் கொஞ்சம் மிஞ்சினாலும் வயிற்றுக்குள் போய்விடும். எனவேதான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன் என்று அளவைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதைத் தாண்டக் கூடாது. பேண்ட் சைஸை வைத்து முடிவு செய்யாதீர்கள், பேண்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை வெளியே விட்டுவிட்டு அளக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பு 2023-ல் வெளியானபோது இந்தியாவில் சர்க்கரை 11.4 சதவீதம், கேரளாவில் 25.5 சதவீதம். வளர்ந்தவர்களில் நாலில் ஒருவருக்கு. அந்த நாலில் ஒருவர் எல்லோரும் பருத்தவர்கள் இல்லை என்பதை நான் தினமும் பார்க்கிறேன். இளைத்த உடம்புக்காரர்கள் டெஸ்டுக்கு வருவதே பாதத்தில் எரிச்சல் வந்த பிறகுதான், அது எனக்குப் பெரிய வேதனை.

"எனக்குத் தொடையிலயும் பின்பக்கமும்தான் சதை. அதுவும் கெடுதலா?"

அவ்வளவு இல்லை. தொடை, இடுப்புக்குக் கீழ் இருக்கும் கொழுப்பு மிஞ்சியதைப் பத்திரமாகப் பூட்டி வைக்கிறது, வயிற்றுக்குள் குடலைச் சுற்றி இருப்பதுதான் சீக்கிரம் அழற்சிக்குப் போகிறது, அங்கிருந்து ஒழுகுவது நேராகக் கல்லீரலுக்கும் போய்ச் சேருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்கும். 45 வயது தாண்டிய பெண்கள் எடை ஏறாவிட்டாலும் இடுப்பை அளந்து பார்க்கச் சொல்வது அதனால்தான்.

"உங்க லேப்ல இந்த வயசான செல்லுக்கு டெஸ்ட் இருக்கா? எவ்வளவு ஆகும்?"

எங்கள் லேபில் இல்லை, கோயம்புத்தூரில் பெரிய லேபிலும் இல்லை. கொழுப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து ஆராய்ச்சிக்கூடத்தில் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும், அது நோயாளிக்கான டெஸ்ட் இல்லை. யாராவது ரத்தத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பார்க்க வேண்டியவை வேறு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் சரி, 100 முதல் 125 வரை எல்லையில், 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரி சொல்லும் ஏ1சி 5.7-க்குக் கீழே சரி, 5.7 முதல் 6.4 வரை எல்லையில், 6.5-லிருந்து நோய். தொந்தரவு எதுவும் இல்லாமல் ஒரு தடவை மட்டும் கூட வந்தால் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்ய வேண்டும். இதோடு ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, அப்புறம் ஒரு ரூபாய் செலவில்லாத இடுப்பளவு. இவ்வளவு போதும், கெட்டுப்போன கொழுப்பைப் பற்றி இவையே நிறையச் சொல்லிவிடும். அரசு குடும்ப ஆரோக்கிய மையத்திலும் சர்க்கரை பார்க்கிறார்கள், காசு இல்லை என்று டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

"ஆபரேஷன் பண்ணி அந்தக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துட்டா சர்க்கரை போயிருமா?"

போகாது, இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 2004-ல் அமெரிக்காவில் பருமனான 15 பெண்களுக்குத் தொப்பையில் தோலுக்கடியிலிருந்த கொழுப்பில் சுமார் 10 கிலோவை உறிஞ்சி எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து இன்சுலின் வேலை செய்யும் விதமும், அழற்சிப் பொருள்களும், ரத்த அழுத்தமும் அப்படியே இருந்தன, எதுவும் மாறவில்லை.

காரணம் மேலே சொன்னதில் இருக்கிறது. உறிஞ்சுவது தோலுக்கடியில் இருப்பதை. வயிற்றுக்குள் இருப்பதும் கல்லீரலில் படிந்ததும் போகவில்லை, மிச்சமிருக்கும் செல்களும் வீங்கியபடியே இருக்கின்றன. சாப்பாட்டைக் குறைத்து அதே 10 கிலோவை இறக்கினால் கல்லீரலில் படிந்த கொழுப்பும் கரையும், செல்களும் சுருங்கும், அதனால் பலன் வேறு. இப்படி உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் அழகுக்கானது, சர்க்கரைக்கு வைத்தியம் இல்லை. இதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம்.

"உடம்புல கொழுப்பே இல்லேன்னா சர்க்கரையே வராதில்ல?"

நேர்மாறு. கொழுப்புத் திசுவே ஏறக்குறைய இல்லாமல் பிறக்கும் லிப்போடிஸ்ட்ரோஃபி என்ற அபூர்வ நோய் இருக்கிறது, அவர்களுக்குச் சின்ன வயதிலேயே கடுமையான சர்க்கரை வரும், கல்லீரலில் கொழுப்பு நிறைந்துவிடும். அடைத்து வைக்க இடம் இல்லாததால் எல்லாம் வேண்டாத இடத்தில் போய்ப் படிகிறது. நமக்கு வேண்டியது ஆரோக்கியமான கொழுப்பு செல், கொழுப்பே இல்லாத உடம்பு இல்லை.

"பயோகிளிட்டசோன்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க. எடை ஏறுது, ஆனா சர்க்கரை இறங்குது. ஏதோ தப்பா குடுத்துட்டாங்களா?"

இந்தக் கேள்வி கேட்டவர் ஓய்வு பெற்ற வாத்தியார், ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு கேட்டார். தப்பாகக் கொடுக்கவில்லை. இளம் செல்களைப் புதுக் கொழுப்பு செல்களாக மாறச் சொல்லும் மருந்து அது. சின்னச் சின்னப் புதுச் செல்கள் தோலுக்கடியில் உருவாகி, கல்லீரலில் கிடந்த கொழுப்பை வாங்கிக்கொள்கின்றன, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது, எடை மட்டும் கொஞ்சம் கூடுகிறது. முந்தைய பதிலுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் எடை ஏறுவதில் ஒரு பங்கு நீர் தேங்குவதாலும் வரும். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

"ஊசி போடுற இடத்துல கட்டி கட்டியா இருக்கு. அதுதான் வயசான கொழுப்பா?"

இல்லை, அது வேறு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் போட்டால் அங்கே கொழுப்பு தடித்துவிடும். அந்தக் கட்டியில் போட்டால் மருந்து சரியாக ஏறாது, சர்க்கரை தாறுமாறாகப் போகும். ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்றிப் போடுங்கள், ஊசியையும் மாற்றுங்கள்.

"அந்தக் கிழட்டுச் செல்லைக் கொல்ற மருந்து வந்தாச்சுன்னு வீடியோல சொல்றாங்களே?"

மருந்தாக இன்னும் வரவில்லை, ஆராய்ச்சியில் இருக்கிறது. அதைச் செனோலிட்டிக் என்பார்கள். 2015-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு, டாசாட்டினிப், க்வெர்செடின் என்ற இரண்டையும் சேர்த்தால் முதுமை செல்கள் சாகின்றன என்று காட்டியது. டாசாட்டினிப் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை, க்வெர்செடின் வெங்காயத்திலும் ஆப்பிளிலும் இருக்கும் ஒரு தாவரப் பொருள். பருத்த எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது சர்க்கரையைக் கையாளும் திறன் மேம்பட்டது என்று 2019-ல் எழுதினார்கள். 2021-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகக் குழு, எலிகளின் கொழுப்பில் பி21 அதிகமுள்ள செல்களை மட்டும் நீக்கினாலே இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது என்று காட்டியது. பருமனானவர்களின் கொழுப்புத் துண்டை இந்த இரண்டு மருந்திலும் ஊறவைத்து எலிகளுக்குள் வைத்தும் பார்த்தார்கள், மருந்து படாத கொழுப்பு எலியைக் கெடுத்த அளவுக்கு மருந்து பட்டது கெடுக்கவில்லை.

மனிதர்களிடம்? 2019-ல் சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்த 9 பேருக்கு 3 நாள் மட்டும் கொடுத்து, 11 நாள் கழித்து அவர்கள் கொழுப்பில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்ததில் முதுமை செல்கள் குறைந்திருந்தன. நல்ல செய்திதான், எனக்கும் இதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் 9 பேர். செல் குறைந்தது என்பதற்கும் சர்க்கரை நோய் போனது என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

"க்வெர்செடின் கேப்ஸ்யூல் ஆன்லைன்ல கிடைக்குதே, வாங்கிச் சாப்பிடலாமா? இல்ல தினம் நாலு வெங்காயம் சாப்பிட்டா போதுமா?"

கேப்ஸ்யூல் வாங்காதீர்கள். அந்த ஆய்வில் 1000 மில்லிகிராம் க்வெர்செடினோடு புற்றுநோய் மாத்திரையும் சேர்ந்து இருந்தது, க்வெர்செடின் தனியாக அந்த வேலையைச் செய்ததாக அது சொல்லவில்லை. மற்ற மாத்திரைகளோடு, முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகளோடு, அது மோதவும் செய்யலாம். டாசாட்டினிப்பை யாராவது வாங்கித் தருகிறேன் என்றால் ஓடிவிடுங்கள், நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கும், ரத்தத் தட்டுகள் குறையும்.

வெங்காயம் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் ஒரு வெங்காயத்தில் க்வெர்செடின் சில பத்து மில்லிகிராம் அளவில்தான் இருக்கும், மருந்தளவுக்கு அது எட்டாது.

"எல்லாம் வேண்டாம்னா நாங்க என்னதான் பண்றது?"

கோபப்பட்டுக் கேட்கிறார்கள், நியாயம்தான். செய்ய நிறைய இருக்கிறது, ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் 2002-ல் முடிவு வந்த பெரிய ஆய்வில், எல்லையில் இருந்தவர்களுக்கு உணவு மாற்றமும் நடையும் சர்க்கரை வரும் அபாயத்தை 58 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை 31 சதவீதம். அவர்களெல்லாம் குண்டானவர்கள், நமக்கு ஒத்துவருமா என்று கேட்டால், சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய ஆய்வு இருக்கிறது. அதில் வாழ்க்கைமுறை மாற்றம் 28.5 சதவீதம், மெட்ஃபார்மின் 26.4 சதவீதம் குறைத்தது. எடை பெரிதாகக் குறையாமலேயே கிடைத்த பலன் அது, ஒல்லியானவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்து எடையும் அதிகமாக இருந்தால் இன்னும் நம்பிக்கை உண்டு. பிரிட்டனில் 2017-ல் வெளியான ஆய்வில், கடுமையாகச் சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்கியவர்கள் குழுவில் ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் நோய் எல்லைக்குக் கீழே வந்தார்கள், 15 கிலோவுக்கு மேல் இறக்கியவர்களில் 86 சதவீதம். இதை டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும்.

நடைமுறையில், சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். அசையும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாள் கனம் தூக்கும் வேலையோ உட்கார்ந்து எழும் பயிற்சியோ வேண்டும், தசை குறைவு என்பதுதான் நம் பிரச்சினை என்று மேலே பார்த்தோம். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, முன்கூட்டியே சாப்பிட்டு முடியுங்கள்.

"நாங்க மட்டை அரிசிதான், எண்ணெயும் செக்குத் தேங்காயெண்ணெய்தான். அப்புறம் என்ன?"

மட்டை அரிசி, அதாவது கேரளச் சிவப்பரிசி, வெள்ளை அரிசியைவிட மேல், ஆனால் இரண்டு தட்டு மட்டை அரிசி ஒரு தட்டு வெள்ளை அரிசியைவிட மேல் இல்லை. தேங்காயெண்ணெயின் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, செக்கில் ஆட்டினாலும் அது மாறாது, அளவோடு தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள். புட்டுக்குப் பழமும் சர்க்கரையும் போடாமல் கடலைக் கறியோ பயறோ கூடச் சேருங்கள். கள்ளும் கணக்கில் வரும், தென்னையிலிருந்து வந்தாலும் அது மதுதான்.

"எடை குறைச்சா அந்த வயசான செல்லெல்லாம் போயிருமா?"

மேலே சொன்ன 2008 ஆய்வின்படி, எடை குறைந்தாலும் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை, வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்கு இரண்டு வருடம் கழித்துப் பார்த்தும் அப்படித்தான். செல்கள் சுருங்குகின்றன, அவ்வளவுதான். ஆனால் சுருங்குவதே பெரிய லாபம், ஒழுகுவது நிற்கிறது, அழற்சி தணிகிறது, கணையம் மூச்சு விடுகிறது. உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, கொழுப்பான தீனி தின்ற எலிகளை ஓட வைத்தால் கொழுப்பில் முதுமை செல்கள் சேர்வது குறைகிறது என்று 2016-ல் மேயோ கிளினிக்கிலிருந்தே ஓர் ஆய்வு வந்தது.

எடையை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் அதே செல்கள் மறுபடி வீங்கும், அவை எங்கேயும் போகவில்லை அல்லவா. வேகமாக இறக்குவதைவிட இறங்கிய இடத்தில் நிற்பதற்குத்தான் பாடுபட வேண்டும்.

"செல் வயசாகி நிக்கிறதே புற்றுநோய் வராம காக்கத்தான்னு சொன்னீங்க. அப்ப அதைக் கொன்னா ஆபத்து இல்லையா?"

நர்சிங் படிக்கும் ஒரு பெண் கேட்டது, சரியான இடத்தைப் பிடித்திருக்கிறாள். ஏற்கனவே நின்றுபோன செல்லைக் கொல்வதால் அது பெருகப் போவதில்லை, ஆகவே புற்றுநோய்ப் பயம் நேரடியாக இல்லை. செல் நிற்கவிடாமல் பிரேக்கையே கழற்றும் மருந்து என்றால்தான் அந்த ஆபத்து. ஜப்பானியர் பி53-ஐ அடக்கியது எலியின் கொழுப்புத் திசுவில், மனிதருக்கு அப்படி யாரும் செய்ய மாட்டார்கள்.

வேறு ஆபத்து இருக்கிறது. காயம் ஆறும்போது முதுமை செல்கள் கொஞ்ச நாள் தோன்றி உதவிவிட்டு மறைகின்றன, அவற்றை நீக்கிய எலிகளுக்குக் காயம் மெதுவாக ஆறியது என்று 2014-ல் தெரிந்தது. சர்க்கரைக்காரர்களுக்குக் கால் புண் ஆறுவதே பெரும்பாடு என்பதால் இதை லேசாக எடுக்க முடியாது. 2020-ல் வந்த இன்னொரு எலி ஆய்வில், பி16 அதிகமுள்ள செல்களைத் தொடர்ந்து நீக்கியபோது கல்லீரலின் ரத்தக்குழாய்ச் சுவரில் அந்த இடத்தை நிரப்பப் புதுச் செல்கள் வராமல் தழும்பு விழுந்தது. எல்லா முதுமை செல்லும் விரோதி இல்லை. அதனால்தான் ஆய்வுகளில் இந்த மருந்தைத் தினமும் கொடுக்காமல் இரண்டு மூன்று நாள் கொடுத்து நிறுத்துகிறார்கள், கனெக்டிகட் குழு கொழுப்பில் பி21 செல்களை மட்டும் தனியாகக் குறிவைத்துப் பார்த்ததற்கும் இந்தத் தேவைதான் காரணம்.